அக்கூஸ்டிக்ஸ் படிக்க ஒரு பைப், ஒரு லேப்டாப், உங்கள் குரல்

பிஏஎஸ்எல்பி (கேட்பியல், பேச்சு-மொழி நோயியல் பட்டம்) படிப்பில் சேருகிறவர்களில் பலர் பிளஸ் டூவோடு பிசிக்ஸுக்கு முழுக்குப் போட்டாயிற்று என்ற நினைப்பில்தான் வருகிறார்கள். முதல் வருடத்திலேயே சைன் அலை, லாகரிதம், ஒத்ததிர்வு எல்லாம் வந்து நின்றதும் சூத்திரங்களை மனப்பாடம் செய்து பரீட்சையைத் தாண்டிவிடுகிறார்கள். அப்புறம் காதுக்கருவி பொருத்தக் கற்கும்போது அதே விஷயம் வேறு பெயரில் திரும்பி வரும், கையில் ஒன்றும் இருக்காது. நான் சொல்வது இதுதான்: ஒரு முனை மூடிய குழலின் ஒத்ததிர்வு என்ற ஒரே ஒரு சூத்திரத்தைக் கையால் செய்து பார்த்து, காதால் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். தொண்டைக்கும் அதுதான், காதுக்கும் அதுதான்.

முதலில், ஒலியைப் பதிவு செய்து அலசிப் பார்க்க உதவும் பிராட் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கியது, இலவசம். நியூ மெனுவில் ரெக்கார்ட் மோனோ சவுண்ட், 44100 ஹெர்ட்ஸ். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், லேப்டாப்பில் இரைச்சல் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள், ஏனென்றால் அது ஸ, ஷ போன்ற ஒலிகளையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை எடுத்து அளக்கவே வேண்டாம்.

அடுத்து பைப். எலக்ட்ரீஷியன்கள் வயர் இழுக்கப் பயன்படுத்தும் மெல்லிய பிவிசி பைப்பில் 17 செ.மீ. துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையை உள்ளங்கையால் இறுக்கமாக மூடிக்கொண்டு, மறுமுனையின் விளிம்பில் குறுக்காக ஊதுங்கள். அதைப் பதிவு செய்து, ஒலி சீராக இருக்கும் இடத்தில் ஸ்பெக்ட்ரல் ஸ்லைஸ் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் படம்) எடுத்தால் 500 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் உச்சம் தெரியும் (உதடு பைப்பின் வாயைக் கொஞ்சம் மறைப்பதால் சற்றுக் கீழேயும் இறங்கலாம்). இப்போது உள்ளங்கையை எடுத்துவிட்டு ஊதுங்கள். ஒலி கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி மேலே ஏறி 1000 பக்கம் போய்விடும். பைப்பின் நீளம் மாறவே இல்லை.

ஏன் என்பதை இங்கேயே நின்று யோசியுங்கள். மூடிய முனையில் காற்றுக்கு அசைய இடமில்லை, அதனால் அங்கே அழுத்தம் உச்சத்தில் இருக்கும். திறந்த முனையில் வெளிக்காற்றோடு சேர்ந்துவிடுவதால் அழுத்த மாற்றம் கிட்டத்தட்டப் பூஜ்யம். உச்சத்திலிருந்து பூஜ்யத்துக்கு வரும் தூரம் ஓர் அலைநீளத்தில் கால் பங்கு. ஆக, முழு அலைநீளம் 17-இன் நான்கு மடங்கு, 68 செ.மீ. ஒலி நொடிக்குச் சுமார் 34,300 செ.மீ. போகிறது (20 டிகிரி வெப்பத்தில், நம் ஊர் வெயிலில் இன்னும் கொஞ்சம் கூடும்). 68-ஆல் வகுத்தால் 504. அதே நிபந்தனைக்குப் பொருந்தும் அடுத்த அலைகள் முக்கால், ஒன்றேகால் என்று போவதால் மற்ற ஒத்ததிர்வுகள் 3 மடங்கு, 5 மடங்கில் மட்டும் வரும்: சுமாராக 500, 1500, 2500. இரண்டு பக்கமும் திறந்திருந்தால் அரை அலைநீளம் பொருந்த வேண்டும், அதனால்தான் இரட்டிப்பு.

17 செ.மீ. என்று நான் கேட்டதற்குக் காரணம், வளர்ந்த ஆண் ஒருவருக்குக் குரல்வளையிலிருந்து உதடு வரை ஏறக்குறைய அவ்வளவு நீளம் என்பதுதான். குரல் நாண் பக்கம் மூடிய முனை, உதடு திறந்த முனை. நாக்கை எங்கும் உயர்த்தாமல் மந்தமாக ஓர் உயிரொலி எழுப்பினால் ஃபார்மன்ட்கள், அதாவது தொண்டை-வாய்க் குழலின் ஒத்ததிர்வுகள், 500, 1500, 2500 பக்கம் வருவது இதனால்தான். குழந்தைக்கு 10 செ.மீ. என்று வைத்தால் முதல் ஃபார்மன்ட் 850 தாண்டிவிடும், நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் குரல். பலர் கடைசி வருடம் வரை குழப்பிக்கொள்ளும் இடம் இது, நேரம் எடுத்துச் செய்யுங்கள். முதலில் "ஆ" என்று தாழ்ந்த சுருதியில் ஆரம்பித்து மெதுவாக மேலே ஏற்றுங்கள். பிராட்டில் நீலக் கோடு, அதாவது குரல் நாண் நொடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்ற அளவு, ஏறிக்கொண்டே போகும். ஃபார்மன்ட்களைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்து, சுருதியை மாற்றாமல் ஒரே மூச்சில் "ஆ... ஈ... ஊ..." சொல்லுங்கள். இப்போது நீலக் கோடு நேராக நிற்கும், சிவப்புப் புள்ளிகள் ஓடும். "ஆ"வுக்கு வாய் திறப்பதால் முதல் ஃபார்மன்ட் மேலே இருக்கும், "ஈ"க்கு நாக்கு முன்னால் உயர்வதால் முதலாவது கீழே இறங்கி இரண்டாவது 2000-க்கு மேல் ஏறும், "ஊ"வுக்கு இரண்டுமே கீழே. கடைசியாக அதே மூன்றையும் கிசுகிசுத்துச் சொல்லுங்கள். நீலக் கோடே இருக்காது, குரல் நாண் அதிரவில்லை, ஆனாலும் எது ஆ எது ஈ என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சந்தேகமே வராது. குரல் கொடுப்பது ஒன்று, அதை வடிவமைப்பது இன்னொன்று என்று வகுப்பில் நடத்துகிற கொள்கை முழுதும் இந்த மூன்று பதிவுகளில் இருக்கிறது.

பிராட் காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஃபார்மன்ட் செட்டிங்கில் உச்ச வரம்பு ஆண்களுக்கு 5000, பெண்களுக்கு 5500, சிறு குழந்தைகளுக்கு இன்னும் மேலே வைக்க வேண்டும். குரல் 300 ஹெர்ட்ஸில் இருந்தால் ஹார்மோனிக்குகளும் (குரல் அதிர்வெண்ணின் முழு மடங்குகள்) 300 விட்டு 300 தள்ளித்தான் வரும், நடுவில் இருக்கும் ஃபார்மன்டைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் மென்பொருள் பக்கத்து ஹார்மோனிக்கையே பிடித்துக்கொள்ளும். புள்ளிகள் ஸ்பெக்ட்ரோகிராமில் (நேரத்தோடு அதிர்வெண்களைக் காட்டும் படம்) தெரியும் கருப்புப் பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு எண்ணை எழுதுங்கள். ஹார்மோனிக்குகளைத் தனித்தனியே பார்க்க ஸ்பெக்ட்ரோகிராமின் விண்டோ நீளத்தை 0.005-இலிருந்து 0.03 ஆக்குங்கள்.

மெய்களில் "படு", "பட்டு" இரண்டையும் சொல்லி மௌன இடைவெளியை அளந்து பாருங்கள், பிறகு "பஸ்" என்று இழுத்துச் சொல்லுங்கள். ஸ்-இன் ஆற்றல் பெரும்பாலும் 4000-க்கு மேலே குவிந்திருக்கும். பழைய வகை போன் இணைப்பு 3400 ஹெர்ட்ஸோடு வெட்டிவிடும். உயர் அதிர்வெண்ணில் கேட்பிழப்பு உள்ளவர்கள் "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்பது உண்மையிலேயே அப்படித்தான், அவர்களைக் கவனமில்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

டெசிபலுக்கு வருவோம். 60 டெசிபல் தரும் இரண்டு மிக்ஸிகள் சேர்ந்து ஓடினால் 120 இல்லை, 63 (இங்கே இரண்டு மடங்காவது ஆற்றல்). அழுத்தம் இரண்டு மடங்கானால் 6 கூடும், பத்து மடங்கானால் 20. இவற்றை மட்டும் மனதில் வைத்தால் பெரும்பாலான கணக்கு வாய்க்கணக்காகவே வந்துவிடும். எஸ்பிஎல் (ஒலி அழுத்த அளவு) என்றால் 20 மைக்ரோபாஸ்கலோடு ஒப்பிட்டது, எச்எல் (கேட்கும் அளவு) என்றால் சராசரி ஆரோக்கியமான காதோடு ஒப்பிட்டது. கேட்கும் திறனைச் சோதிக்கப் பயன்படும் டிடிஎச் 39 ஹெட்ஃபோனில் 1000 ஹெர்ட்ஸுக்கு 0 எச்எல் என்பது 7 எஸ்பிஎல், 250 ஹெர்ட்ஸுக்கோ 25.5. அளவீடு சரிசெய்யாத மைக்கில் பதிவு செய்தால் பிராட் காட்டும் டெசிபல் வெறும் ஒப்பீட்டுக்குத்தான், ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது.

கடைசியாகக் காது. வெளிக்காதுக் குழல் சுமார் 2.5 செ.மீ., ஒரு முனை திறந்தது, மறுமுனையில் செவிப்பறை. அதே பைப். 34,300-ஐ 2.5-இன் நான்கு மடங்கான 10-ஆல் வகுத்தால் 3430. செவிப்பறை கெட்டியான சுவர் இல்லை, குழலும் நேரானது இல்லை, அதனால் நிஜத்தில் 3000-க்குச் சற்றுக் கீழே கூட வரும். ரியல் இயர் அளவீட்டில் (காதுக் குழலுக்குள் மெல்லிய மைக் குழாய் வைத்து அளப்பது) கருவி போடாத காதின் கோட்டில் அந்த இடத்தில் ஒரு மேடு தெரியும். கைக்குழந்தையின் குழல் குட்டை என்பதால் அந்த மேடு இன்னும் மேல் அதிர்வெண்ணில் இருக்கும். காது அச்சை (காதுக்கு ஏற்ப வார்த்த இயர் மோல்டு) வைத்துக் குழலை இறுக்கமாக அடைத்ததும் இந்த இயற்கையான பெருக்கம் போய்விடுகிறது, கருவி முதலில் அதை ஈடுசெய்த பிறகுதான் நோயாளிக்கு நிஜமான லாபம் என்று எதையும் கணக்கில் எடுக்க முடியும்.