பிரபு வீட்டு ராணுவ அதிகாரியின் வாழ்வையும் சாவையும் ஆவணங்களில் தேடுவது எப்படி

முதல் உலகப் போரில் மாண்ட பிரிட்டிஷ் பிரபு வீட்டுப் பிள்ளையைப் பற்றி எழுத உட்காருபவருக்குத் தகவல் பஞ்சமே வராது. கடிதம், புகைப்படம், இரங்கல் செய்தி, நினைவு மலர் என்று குவிந்து கிடக்கும். தொல்லையும் அதுதான், அத்தனையும் வீட்டார் கை பட்டவை. ஆகவே அரசாங்கத் தாள்களிலிருந்து தேதிகளை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குடும்பக் காகிதங்களைக் கடைசியில் தொட்டால் போதும். உதாரணத்துக்கு கேப்டன் ஜூலியன் கிரென்ஃபெல்லை எடுத்துக்கொள்வோம். 1888 மார்ச் 30-ல் பிறந்தவர், ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர், ராயல் டிரகூன்ஸ் குதிரைப்படையில் சேர்ந்தவர்.

முதல் முட்டுக்கட்டை பெயர். ஜூலியனின் அப்பா டெஸ்பரோ பிரபு, மகன் கிரென்ஃபெல். பட்டம் வேறு, குடும்பப் பெயர் வேறு. படைப் பட்டியலில் 'டெஸ்பரோ' என்று தேடினால் மகன் அகப்படமாட்டார். டெஸ்பரோ போன்ற பாரனின் (பிரபுக்களில் கடைசிப் படி) மகன்களுக்குப் பெயருக்கு முன் 'ஆனரபிள்' மட்டும் வரும். டியூக், மார்க்விஸ் வீட்டு இளைய மகன்களுக்கு 'லார்ட்' வரும், ஆனால் அதை ஒட்டி முதல் பெயர்தான் வரும். ஏர்லின் மூத்த மகனோ அப்பாவின் இன்னொரு பட்டத்தால் அழைக்கப்படுவார். அப்பா கண்ணை மூடினால் அந்தப் பெயரும் மாறிவிடும், நடுப்போரில்கூட. செல்லப் பெயரும் ஏமாற்றும். ஜூலியனின் தம்பி கடிதங்களில் 'பில்லி', ஆவணங்களில் ஜெரால்ட் வில்லியம்.

ஒரே குடும்பத்தில் பலர் படையில் இருந்ததால் ஆள் மாறாட்டம் சுலபம். 1915 மே மாதம், கேப்டன், கிரென்ஃபெல், குதிரைப்படை என்று தேடிப் பாருங்கள், இரண்டு பேர் வருவார்கள். விக்டோரியா கிராஸ் என்ற மிக உயர்ந்த வீர விருது பெற்ற பிரான்சிஸ் கிரென்ஃபெல் மே 24-ல் இறந்தார், அவர் 9-வது லான்சர்ஸ் குதிரைப்படை ரெஜிமென்ட். ஜூலியன் இறந்தது மே 26-ல். எனவே ரெஜிமென்ட் பெயர் இல்லாமல் எந்தக் குறிப்பையும் எடுக்காதீர்கள்.

அடுத்து அரசிதழான லண்டன் கெஜட். இணையத்தில் இலவசம். அதிகாரியாக நியமனம், பதவி உயர்வு, விருது மூன்றும் தேதியோடு கிடைக்கும். ஜூலியன் பெற்ற டி.எஸ்.ஓ. (அதிகாரிகளுக்கான வீர விருது) 1914 நவம்பர் செயலுக்கானது. அக்காலத்தில் இறந்தவருக்கென்று பரிந்துரைக்கக் கூடியவை விக்டோரியா கிராஸும், தளபதியின் அறிக்கையில் பெயர் குறிப்பதும் மட்டுமே. 'வீர மரணத்துக்காக டி.எஸ்.ஓ.' என்று எங்காவது எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

பணிக்கோப்பு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். நிரந்தரப் படை அதிகாரிகள் பெரும்பாலும் டபிள்யூ.ஓ. (வார் ஆஃபீஸ், அதாவது போர் அமைச்சகம்) 339 வரிசையில், டெரிட்டோரியல் என்ற பகுதிநேரப் படையினர் டபிள்யூ.ஓ. 374-ல். முதன்மைக் கோப்புகள் 1940 குண்டுவீச்சில் எரிந்துபோயின. மிஞ்சியது கடிதப் போக்குவரத்துதான்: காயம், தந்தி, பாக்கிச் சம்பளம், உடைமைப் பட்டியல். மெலிந்த கோப்பைப் பார்த்து மறைத்துவிட்டார்கள் என்று கதை கட்ட வேண்டாம்.

பதக்க அட்டை டபிள்யூ.ஓ. 372-ல். 1914 ஸ்டார் என்ற பதக்கம் இருந்தால், அந்த ஆண்டு ஆகஸ்ட் 5-க்கும் நவம்பர் 22-க்கும் இடையில் பிரான்சிலோ பெல்ஜியத்திலோ பணியில் இருந்தவர் என்று பொருள். சிப்பாய்க்குப் போர்ப் பதக்கம் தானாக வீடு வந்தது, அதிகாரியோ வாரிசோ விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதனால் அட்டையில் விண்ணப்பித்தவரின் முகவரி இருக்கலாம், பார்க்காமல் விடாதீர்கள்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் போர் நாட்குறிப்பு, டபிள்யூ.ஓ. 95. ஆள் பெயரில் தேட முடியாது. டிவிஷன், பிரிகேட், ரெஜிமென்ட் என்று இறங்க வேண்டும். ராயல் டிரகூன்ஸ் என்றால் 3-வது குதிரைப்படை டிவிஷன், 6-வது பிரிகேட். அதிகாரி காயம்பட்டால் பெயர் எழுதுவார்கள், சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கை. சண்டை முடிந்து களைத்த கையால் எழுதியது என்பதால் நேரமும் இடமும் பிசகும். பக்கத்து ரெஜிமென்டின் அதே நாள் பக்கத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

'களத்தில் கொல்லப்பட்டார்', 'காயத்தால் இறந்தார்' இரண்டும் வேறு வேறு. ஜூலியன் மே 13-ல் பெல்ஜியத்தின் ஈப்ரே அருகே ஷெல் சில்லு மண்டையில் பாய்ந்து விழுந்தார். இறந்தது 13 நாள் கழித்து, பிரான்சின் கடற்கரை ஊரான பூலோனில், மருத்துவமனையில். ஈப்ரே கல்லறைகளில் தேடினால் காணமாட்டீர்கள். முதலுதவி நிலையம், ஃபீல்டு ஆம்புலன்ஸ், கிளியரிங் ஸ்டேஷன், கடற்கரை மருத்துவமனை என்று காயம்பட்டவர் பின்னோக்கி நகர்ந்த பாதையில்தான் கல்லறையும் அமையும்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் குடும்பப் பெயரும் ஆண்டும் போதும். பூலோன் கிழக்குக் கல்லறையில் நேரே போய்ப் பார்ப்பவர் குழம்பக்கூடும். மண் மணற்பாங்கு என்பதால் அங்கே கற்கள் நிமிர்ந்து நிற்பதில்லை, தரையோடு படுத்திருக்கும். தம்பி பில்லி 1915 ஜூலை 30-ல் ஈப்ரே பக்கத்து ஹூகேயில் இறந்தார், உடல் கிடைக்கவில்லை, ஈப்ரேயின் 'மெனின் கேட்' நினைவு வாயிலில் பெயர் மட்டும்.

பிரபுக் குடும்பம் உடலை ஊருக்குக் கொண்டு வந்திருக்குமே என்று நினைக்காதீர்கள். 1915 ஏப்ரலில் இறந்த எம்.பி. வில்லியம் கிளாட்ஸ்டன் உடல் ஹவார்டன் வந்து சேர்ந்தது, முன்னாள் பிரதமரின் பேரன் அவர். பிறகு அந்த வழி அடைபட்டது. ஆணையத்தின் கல்லும் பதவி பார்க்காது, ஏறக்குறைய 81 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம். வீட்டார் தனிப் பெருமையைக் காட்டியது சொந்த நிலத்தில்தான். அண்ணன் தம்பி இருவருக்கும் குடும்ப மாளிகையான டாப்லோ கோர்ட்டில் சிற்பி மெக்கென்னல் செய்த அப்போலோ சிலை அப்படிப்பட்டது.

இத்தனையும் கையில் வந்த பிறகு கடிதங்களைத் திறங்கள். ஜூலியனின் தாய் எட்டி 1916-லேயே குடும்பக் கடிதங்களைத் தொகுத்துத் தனிச்சுற்றுக்கு அச்சிட்டார். துக்கத்தில் இருந்த தாய் தேர்ந்தெடுத்தவை அவை. டெஸ்பரோ குடும்பக் காகிதங்கள் ஹெர்ட்ஃபோர்டுஷைர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அச்சில் உள்ள வரியை அங்கே மூலத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள்.