வீட்டில் போட்டுக்கொள்ளும் உயிரியல் ஊசி: பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் முறை

முடக்குவாதம், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்காக அடாலிமுமாப், எட்டனர்செப்ட் ஆகிய உயிரியல் ஊசிகளில் (உடலின் எதிர்ப்பாற்றலை ஓரளவு அடக்கும் புரத மருந்துகள்) ஒன்றை வீட்டிலேயே போட்டுக்கொள்ளத் தொடங்குவோருக்கு இந்தக் குறிப்பு. ஊசியைப் பிடிக்கும் முறையைச் செவிலியரே காட்டிக்கொடுத்துவிடுவார் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். ஊசிக்குப் பிறகு தோன்றும் எதைப் பொறுத்திருந்து பார்க்கலாம், எதற்கு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதில்தான் தொடக்கத்தில் எனக்குத் தெளிவு இல்லாமல் இருந்தது.

படி 1. முதல் ஊசிக்கு முன்பே காசநோய், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். இம்மருந்துகள் தடுக்கும் டிஎன்எஃப் என்ற புரதமே, உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமிகளைச் சுற்றி அரண் அமைத்து அவற்றை அடக்கிவைப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசி எதையும் சிகிச்சைக் காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

படி 2. மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து அரை மணி நேரம் முன்னதாக எடுத்து வையுங்கள். வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டாம். தொடையிலோ, தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி வயிற்றிலோ, சென்ற முறை போட்ட இடத்தை விட்டு விலகிப் போடுங்கள். போட்டபின் தேய்க்கக் கூடாது.

படி 3. இந்தப் படிக்குத்தான் நிதானம் தேவை. ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, அரிப்பு, இலேசான வீக்கம் வருவது வழக்கம். பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். ஆனால் தோலில் கிருமித்தொற்று தொடங்கும்போதும் முதலில் இதே தோற்றம்தான் இருக்கும். ஆகவே சிவப்பின் விளிம்பை ஒட்டிப் பேனாவால் ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். கோடு அழியாமல் இருப்பதற்கு மார்க்கர் பேனாவே நல்லது. மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டிப் படர்ந்திருந்தாலோ, வலி கூடினாலோ, சீழ் கட்டினாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பதிவு வைப்பதற்குக் கைப்பேசிச் செயலிகளைவிடச் சாதாரண நோட்டுப் புத்தகத்தையே நான் பரிந்துரைப்பேன். மருத்துவரின் மேசையில் விரித்துவைத்தால் அவர் ஒரே பார்வையில் படித்துவிடுவார்.

(சேர்க்கை: கறுத்த தோலில் சிவப்பு தெரிவதே இல்லையே என்று வாசகர் ஒருவர் சரியாகவே சுட்டிக்காட்டினார். அப்படியானால் கண்ணை நம்பாமல், புறங்கையால் சூட்டையும் விரல் நுனியால் தடிப்பையும் தொட்டுப் பார்த்து, தடிப்பு முடியும் இடத்தில் கோடு வரையுங்கள்.)

படி 4. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்த்தாலோ, அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், அதை விழுங்குவதற்கு முன்பே வெப்பமானியை வைத்துப் பார்க்க வேண்டும். டோசிலிசுமாப் என்ற வேறொரு உயிரியல் ஊசியைப் போடுவோர் இன்னும் கவனமாக இருப்பது நல்லது. தொற்று இருக்கும்போதும் அம்மருந்து, அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான சிஆர்பியின் அளவை உயரவிடாமல் அடக்கிவைக்கக்கூடும்.

உதடோ நாக்கோ வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் நோட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். பார்வை மங்குதல், கைகால் மரத்துப்போதல், கால் வீக்கத்தோடு மூச்சு வாங்குதல் ஆகியவை அரிதானவை என்றாலும், அன்றைக்கே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை.

பின்சேர்க்கை: சளி பிடித்தால் அந்த வாரத்து ஊசியைத் தவிர்த்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். காய்ச்சல் இல்லாத சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் தொற்று என்றால் வழக்கமாகத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். முடிவு எதுவானாலும் அது மருத்துவருடையதாக இருக்கட்டும். அடாலிமுமாப் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 2 வாரம் ஆகும் என்பதால், ஓர் ஊசியைத் தவிர்த்த மாத்திரத்தில் எதிர்ப்பாற்றல் திரும்பிவிட்டதாக எண்ணிக் காய்ச்சலை அலட்சியம் செய்துவிடாதீர்கள்.