வடசென்னை ஆய்வகத்தில் டெர்ஸ்: மேற்பரப்பை நானோ அளவில் வேதிப்படமாக்கும் முறை

532 நானோமீட்டர் பச்சை லேசரைக் காற்றில் எவ்வளவு நல்ல லென்ஸைக் கொண்டு குவித்தாலும், ஒளிப்புள்ளி ஏறத்தாழ 300 நானோமீட்டருக்குக் கீழே சுருங்காது. ஆகவே, மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறமாற்றத்தைக் கொண்டு அது எந்த மூலக்கூறு என்று அறியும் சாதாரண ராமன் நுண்ணோக்கி தருவது அந்தப் புள்ளிக்குள் அடங்கிய எண்ணற்ற மூலக்கூறுகளின் சராசரியைத்தான். டெர்ஸ் எனப்படும் நுனிவழி ராமன் முறையில், வெள்ளி அல்லது தங்கத்தால் ஆன, 20 முதல் 50 நானோமீட்டர் ஆரமுள்ள நுனியை லேசர் புள்ளியின் நடுவே மேற்பரப்பை ஒட்டி நிறுத்துகிறோம். உலோகத்தின் எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அலைவதால் நுனியின் அடியில் மட்டும் மின்புலம் பெருகுகிறது. ராமன் சிக்னல் ஏறத்தாழ அந்தப் பெருக்கத்தின் நான்காம் படியாக உயர்வதால், புலம் 10 மடங்கானால் சிக்னல் 10,000 மடங்காகிறது. 2000-ஆம் ஆண்டில் சூரிக், ஒசாகா உள்ளிட்ட இடங்களில் செய்துகாட்டப்பட்ட இம்முறை, 2013-இல் சீனாவின் ஹெஃபெய் நகரில் அதிவெற்றிடத்திலும் கடுங்குளிரிலும் ஒரு நானோமீட்டருக்கும் நுண்ணிய படத்தைத் தந்தது. சாதாரண அறைக்காற்றில் 10 முதல் 20 நானோமீட்டர் கிடைத்தாலே அது நல்ல படம்தான்.

நுனி சரியில்லாவிட்டால் மற்ற எதுவும் சரியாகாது. அதிலும் எண்ணூர், மணலிப் பக்கத்து ஆய்வகங்களுக்கு இது இரட்டிப்பு உண்மை, ஏனெனில் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையங்களும் உள்ள இப்பகுதிக் காற்றில் கந்தகச் சேர்மங்களும் கடல் உப்பும் கலந்திருக்கின்றன. வெள்ளி கூடுதல் பெருக்கம் தரும் என்று நூல்கள் சொல்வது சரியே. ஆனால் கந்தகம் பட்டதும் அதன் மேல் சல்பைடு படலம் படர்ந்து, பெருக்கம் வெகு விரைவில் குன்றிவிடும். ஆகவே இங்கே தொடங்குபவர்கள் தங்க நுனியையும் 633 நானோமீட்டர் சிவப்பு லேசரையும் கைக்கொள்வதே நல்லது. பச்சை ஒளியைத் தங்கம் தானே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் 532-ஐத் தங்கத்தோடு இணைக்க வேண்டாம்.

நுனியை ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் எத்தனாலையும் சம அளவில் கலந்து, பிளாட்டினம் வளையத்தின் நடுவே 0.25 மில்லிமீட்டர் தங்கக் கம்பியைச் சில மில்லிமீட்டர் ஆழம் தொங்கவிட்டு, 2 முதல் 3 வோல்ட் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். புகைவெளியேற்றிக்குள் அல்லாமல் இதைச் செய்யவே கூடாது. திரவம் கம்பியைச் சுற்றி மேலேறி நிற்கும் விளிம்பில் அரிப்பு மிகுந்து, கம்பி அங்கே மெலிந்துகொண்டே வந்து, கீழ்த்துண்டு அறுந்து விழும். விழுந்த அந்தக் கணத்திலேயே மின்னோட்டம் நின்றாக வேண்டும். சற்றே தாமதித்தாலும் நுனி மழுங்கிவிடும் என்பதால், மின்னோட்டம் திடீரெனச் சரிவதை உணர்ந்து தானே துண்டிக்கும் சுற்று ஒன்றை அமைத்துக்கொள்வது அவசியம். பின்னர் எத்தனாலில் கழுவி, நைட்ரஜன் நிரப்பிய உலர்கலத்தில் வையுங்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த நுனியை அளவீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம், ஏனெனில் எலெக்ட்ரான் கற்றை அதன் மேல் கார்பனைப் படியவைத்துவிடும். ஒரு தொகுதியில் ஓரிரு நுனிகளை மட்டும் மாதிரிக்குப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுங்கள்.

காசிமேட்டுப் படகுகளின் துருவையும் துறைமுக எஃகையும் முதல் நாளே நுனியடியில் வைக்க ஆசை வருவது இயல்பு. அவை இப்பகுதிக்கே உரிய அருமையான மாதிரிகள்தான். ஆனால் கரடுமுரடான துருவில் நுனியின் பக்கவாட்டே முதலில் முட்டும், சற்றே மிகுந்த லேசர் சூட்டில் துருவிலுள்ள மேக்னடைட்டு என்ற இரும்பு ஆக்சைடு ஹெமடைட்டு என்ற வேறோர் ஆக்சைடாக மாறியும்விடும். முதலில் சமதளத் தங்கப் படலத்தின் மேல், கந்தக முனையால் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும் தயோல் மூலக்கூறுகளின் ஒற்றை அடுக்கைப் படியவைத்துப் பழகுங்கள். உலோக நுனிக்கும் உலோகத் தளத்துக்கும் இடைப்பட்ட இடுக்கில் புலம் மேலும் பெருகுவதால், சிக்னல் எளிதில் தெரியும்.

அடுத்தது அதிர்வு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் பகலிரவு பாராமல் ஓடுகின்றன. இரவில் அமைதி கிட்டும் என்ற பொது அறிவுரை இங்கே செல்லாது. கருவியைத் தரைத்தளத்தில், அதிர்வு தணிக்கும் மேசை மேல் வைத்து, நுனியை மேற்பரப்பில் நிலைநிறுத்தி, வருடாமல் ஒரே இடத்தில் விட்டு, உயர அளவீட்டைச் சில நிமிடங்கள் பதிவு செய்யுங்கள். லாரி கடக்கும்போது கோடு எவ்வளவு துள்ளுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். துள்ளல் ஒரு நானோமீட்டரைத் தாண்டினால் அந்த இடத்தில் படம் எடுக்க முயல வேண்டாம். ஈரப்பதத்துக்கு ஏசி வேண்டும், ஆனால் அதன் காற்று கருவி மேல் நேராக வீசக் கூடாது.

அளவீட்டுக்கு முன் சிலிக்கான் துண்டை வைத்து, அதன் ராமன் முகடு அலைஎண் 520.7 செ.மீ.⁻¹-இல் நிற்கிறதா என்று பாருங்கள். நுனிக்கும் மாதிரிக்கும் இடையே பாயும் மிகச் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு நுனியின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்.டி.எம். முறையில் 0.1 வோல்ட், 1 நானோஆம்பியர் என்ற அளவில் தொடங்கி நுனியை இறக்கலாம். பக்கவாட்டிலிருந்து ஒளி விழும் அமைப்பில், ஒளியின் மின்புலம் நுனியின் அச்சுக்கு இணையாக இருக்குமாறு முனைவாக்கத்தைத் திருப்புங்கள். லேசர் புள்ளியை நுனியைச் சுற்றி மெல்ல நகர்த்தி, சிக்னல் உச்சமாகும் இடத்தில் நிறுத்துங்கள். லேசர் திறன் 100 மைக்ரோவாட்டில் தொடங்கட்டும். ஒரு மில்லிவாட்டை எட்டவே வேண்டாம்.

இனி வருவதுதான் முழு வேலையின் உயிர்நாடி. நுனி இறங்கிய நிலையில் ஒரு நிறமாலை, அதே இடத்தில் நுனியைச் சில நூறு நானோமீட்டர் உயர்த்தி இன்னொரு நிறமாலை எடுங்கள். இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது டெர்ஸ் அல்ல. வேறுபாடு இருந்தாலும் உடனே நம்பிவிடக் கூடாது. அதே நுனியை வெறும் தங்கப் படலத்தில் இறக்கிப் பாருங்கள்; அலைஎண் 1350, 1580 ஆகியவற்றை ஒட்டி அகன்ற முகடுகள் துள்ளினால் அது நுனியில் ஒட்டிய கார்பன். தயோல் வகைகளில் ஒன்றான நைட்ரோதயோபீனாலை வைத்திருந்தால் 1140, 1390, 1440-இல் புதிய முகடுகள் எழுகின்றனவா என்று கவனியுங்கள். அவை எழுந்தால் மூலக்கூறு உங்கள் லேசரின் கீழேயே வேறு சேர்மமாக மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

படத்தின் அளவை நிதானமாகத் தீர்மானியுங்கள். புள்ளிக்கு ஒரு நொடி எனில், 100-க்கு 100 புள்ளிகள் கொண்ட படத்துக்கு 10,000 நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் சற்று அதிகம் ஆகும். அதற்குள் வெப்ப நகர்வால் மாதிரி இடம்பெயர்ந்துவிடும். 32-க்கு 32 என்றால் சுமார் 17 நிமிடம் போதும். அதே பரப்பை எதிர்த்திசையில் மீண்டும் வருடி, இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில் தெரிவதை மட்டும் மாதிரியின் அமைப்பாகக் கொள்ளுங்கள். முடித்ததும் நுனியைப் பழைய தயோல் அடுக்கில் மறுபடி சோதித்து, சிக்னல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் படத்தின் பிற்பகுதியை ஒதுக்கிவிட்டு, அன்றைய ஈரப்பதத்தையும் நுனியின் எண்ணையும் ஏட்டில் குறித்து, புது நுனியோடு அந்தப் பகுதியை மறுபடி எடுங்கள்.