புரிஞ்சுதா என்று கேட்காதீர்கள்

"கிம்பன் மொட்டலில் சேப்பினான்." அர்த்தமே இல்லாத வரி. குழந்தைக்கு வாசித்துப் புரிந்துகொள்ளக் கற்றுத்தருபவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். கிம்பன் எங்கே சேப்பினான் என்று கேட்டுப் பாருங்கள். "மொட்டலில்" என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். யார், எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்கு வரியிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கிக் கொடுத்தாலே போதும், புரிந்திருக்க வேண்டியதில்லை. "புரிஞ்சுதா?" என்ற கேள்வி இதைவிட மோசம், தலையாட்டினால் முடிந்தது.

வாசித்து முடித்தபின் கேள்வி கேட்பது சோதனைதான். அதையே கற்பித்தல் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கற்பித்தல் வாசிப்பின் நடுவில் நடக்க வேண்டும். ஒரு பக்கக் கதையில் மூன்று இடங்களில் நிறுத்தினால் போதும். வரிக்கு வரி நிறுத்தினால் கதை செத்துவிடும்.

எங்கே நிறுத்துவது? குழந்தை வழுக்கும் இடத்தில். "பூனை எலியைத் துரத்தியது. அது சின்னப் பொந்துக்குள் நுழைந்துகொண்டது." நுழைந்தது எது? முந்தைய வரி பூனையில் தொடங்குவதால் பல குழந்தைகள் பூனை என்பார்கள். உடனே "தப்பு" என்று திருத்தாமல், நீங்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "'அது'ன்னு இருக்கு. பூனையா, எலியா? சின்னப் பொந்துல பூனை நுழையுமா? அப்போ எலிதான்." அடுத்து 'அது' வரும் இடத்தில் குழந்தை யோசித்துச் சொல்லட்டும்.

அடுத்த தவறு, கடினமான பாடத்தைத் திணிப்பது. 100 சொற்களில் பத்துக்கு மேல் தடுமாறினால் கவனமெல்லாம் எழுத்துக்கூட்டுவதிலேயே போய்விடும். வாசிப்பை ஆராய்ந்த காஃப், டன்மர் இருவரும் 1986இல் சொன்ன கணக்கு இது: எழுத்தை வாசிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிதல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். அதனால் கடினமான கதையை நீங்களே வாசித்துக் காட்டி, புரிதலைக் காதுவழியே பழக்குங்கள்.

கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சொல்பவர்கள் பலர், அந்த ஊகத்துக்குத் திரும்பி வருபவர்கள் குறைவு. "நீ நினைச்ச மாதிரி ஆச்சா? எந்த வரி மாத்துச்சு?" என்று கேட்காவிட்டால் அது வெறும் குருட்டாட்டம்.

"சுருக்கமா சொல்லு" என்றால் முதல் வரியிலிருந்து ஒப்பிப்பார்கள். பிடிமானம் கொடுங்கள்: யாருக்கு என்ன வேண்டியிருந்தது, எது தடுத்தது, என்ன செய்தார், கடைசியில் என்ன ஆனது. இந்த ஒரு உத்தி இரண்டு மூன்று வாரம் பழகட்டும், அடுத்ததை அப்புறம் எடுக்கலாம்.