வீட்டிலேயே தம்போலா: 61-ஐ 19 என்று படித்த கதையும் செய்முறையும்

கூட்டம் பத்துப் பேரோ முப்பது பேரோ, சின்னவர்களும் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஆட தம்போலாவுக்கு ஈடு கிடையாது. பெட்டியில் வருவதை வாங்கலாம்தான். ஆனால் ஒரு மாலை உட்கார்ந்தால் நாமே செய்துவிடலாம். நான் முதல் தடவை செய்தது பாதி ஆட்டத்தில் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்த பிறகு எழுதுவது இது.

விளையாடும் விதம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒருவர் பையிலிருந்து 1 முதல் 90 வரையிலான எண் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூவுவார், மற்றவர்கள் தங்கள் சீட்டில் அந்த எண் இருந்தால் அடித்துக்கொண்டே வருவார்கள். இனி நேரே வேலைக்குப் போகலாம்.

1. எண் துண்டுகள்

பழைய அட்டைப்பெட்டியை 2 செ.மீ. சதுரங்களாக 90 துண்டு வெட்டுங்கள். காகிதத்தை மடித்துப் போடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். கத்தரிக்கோலைவிட ஸ்கேலும் பேப்பர் கட்டரும் நல்லது, ஆனால் கட்டர் பெரியவர்கள் கையில் மட்டும். எழுதப் பால்பாயிண்ட் பேனா போதும். ஸ்கெட்ச் பேனா மை மெல்லிய அட்டையில் ஊறிப் பின்பக்கம் தெரியும், துண்டு எடுப்பவர் எண்ணைப் பார்த்தே எடுத்துவிடுவார்.

இனி நான் சறுக்கிய இடம். 6, 9 இரண்டும் குழப்பும் என்பது எனக்குத் தெரியும். அவற்றுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் 19 என்று கூவினேன். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு துண்டை எடுத்தால் அதுவும் 19! ஒரு பையன் எழுந்து வந்து இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்றை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினான். 61. முதலில் கூவியதுதான் 61-ஆ, இரண்டாவதா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் ஒரு பரிசும் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் நடந்த பஞ்சாயத்தை எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1-ஐ வெறும் கோடாக எழுதினால், 90-க்குள் தலைகீழாகத் திருப்பினால் வேறு எண்ணாகிவிடும் ஜோடிகள் நான்கு: 6-9, 18-81, 19-61, 68-89. ஆறும் ஒன்பதும் இல்லாத 18 கூட மாட்டிக்கொள்கிறது பாருங்கள். எந்த எண்ணுக்குப் போடுவது, எதற்கு விடுவது என்று யோசிக்கவே வேண்டாம். தொண்ணூறுக்கும் அடிக்கோடு போட்டுவிடுங்கள்.

2. கூவுபவர் பலகை

ஒரு பெரிய அட்டையில் வரிக்குப் பத்தாக 9 வரி கட்டம் போட்டு 1 முதல் 90 வரை எழுதுங்கள். எடுத்த துண்டை அந்தந்தக் கட்டத்தில் வைத்துக்கொண்டே வந்தால் பரிசு கேட்பவரின் சீட்டைச் சரிபார்ப்பது சுலபம். இதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் 90 துண்டையும் பலகையில் அடுக்கிப் பாருங்கள். சோபாவுக்கு அடியில் போன துண்டு எது என்று அப்போதே தெரிந்துவிடும். பிறகு அப்படியே வாரித் துணிப்பையில் போடுங்கள். டப்பாவைவிடத் துணிப்பைதான் எனக்குப் பிடிக்கும். குலுக்க வசதி, உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது.

3. சீட்டுகள்

குறுக்கே 3 வரி, நெடுக்கே 9 பத்தி, ஆக 27 கட்டம். அதில் 15 எண், வரிக்குச் சரியாக 5. முதல் பத்தியில் 1–9, இரண்டாவதில் 10–19, இப்படியே போய்க் கடைசியில் 80–90. ஒரு பத்தியும் காலியாக இருக்கக் கூடாது. மனம் போனபடி எண்களை நிரப்பினால் கடைசி வரியில் 4 அல்லது 6 என்று வந்து நிற்கும். அதனால் முதலில் இந்த இடங்களில் புள்ளி வையுங்கள்:

மேல் வரி: 1, 3, 4, 6, 7-ஆம் பத்தி
நடு வரி: 1, 2, 4, 5, 8
கீழ் வரி: 2, 3, 5, 6, 9

புள்ளி உள்ள இடத்தில் அந்தப் பத்திக்குரிய எண்ணை எழுதுங்கள். ஒரே பத்தியில் இரண்டு வந்தால் சிறியது மேலே. அடுத்த சீட்டுக்கு எல்லாப் புள்ளிகளையும் ஒரு பத்தி வலப்பக்கம் தள்ளுங்கள், ஒன்பதாவதில் இருந்தது முதல் பத்திக்கு வரும். இப்படி 9 விதமான அமைப்பு கிடைக்கும். எண்களை மாற்றிக்கொண்டே போனால் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் போடலாம்.

நேரம் இல்லையென்று ஒரே சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரே சமயத்தில் ஆறு பேர் கத்துவார்கள்.

அடிக்கப் பேனா கொடுக்காமல் சட்டைப் பொத்தான்களை வைக்கச் சொன்னால் சீட்டு அடுத்த தடவைக்கும் ஆகும். ஆனால் தரையில் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பொத்தான் வேண்டவே வேண்டாம், பென்சில்தான்.

4. பரிசுகள்

முதல் ஐந்து (சீட்டில் ஏதாவது ஐந்து எண் முதலில் அடித்தவருக்கு), மேல் வரி, நடு வரி, கீழ் வரி, நான்கு மூலை, ஃபுல் ஹவுஸ் (சீட்டின் 15 எண்ணும்). அடுத்த எண் கூவுவதற்குள் கேட்டுவிட வேண்டும். தவறாகக் கேட்டவரின் சீட்டு செல்லாது என்பது வழக்கம், பிள்ளைகளிடம் நான் அதைப் பார்ப்பதில்லை.

பிறகு சேர்த்தது: நான்கு மூலை என்றால் ஓரக் கட்டங்களா, அவை காலியாக இருந்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். கட்டத்தைப் பார்க்க வேண்டாம். மேல் வரியின் முதல் எண்ணும் கடைசி எண்ணும், கீழ் வரியின் முதல் எண்ணும் கடைசி எண்ணும், அவ்வளவுதான்.

ஐந்து வயதுக் குழந்தைகள் பாதியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஒரே ஒரு சீட்டு மட்டும் ஆட்டத்தில் இருந்தால் அதன் 15 எண்ணும் வரச் சராசரியாக 85 துண்டு எடுக்க வேண்டும். சீட்டு கூடக் கூட அது குறையும், ஆனாலும் சின்னவர்களுக்கு நீளம்தான். அவர்களுக்கு 3-க்கு 3 கட்டத்தில் 9 எண், பையில் 1 முதல் 30 வரையிலான துண்டுகள் மட்டும். மீதி அறுபதையும் ஒரு கவரில் போட்டுக் கட்டி, மேலே 'இதைத் தொலைக்காதே' என்று எழுதி வையுங்கள். என் வீட்டில் 47 இன்னும் கிடைக்கவில்லை.