கதையாகக் கேட்டது விடைத்தாளில் வரவேண்டுமே: ஒலிப்பாடம் தயாரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சைப் பக்கம் ரேடியோ நெல் என்று ஒரு ரகம் இருந்தது. முறையான பெயர் ஏ.டி.டி. 27. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த குறுவை ரகம். 1960களில் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகள் வழியாக ஊர் ஊராகப் பரவியதால் மக்களே அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். காதால் கேட்டுக் கற்றுக்கொள்வது டெல்டாவுக்குப் புதிதில்லை என்பதற்கு அந்த ஒரு பெயர் போதும்.

இப்போது அதே வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. ஆசிரியர்கள், மாலையில் டியூஷன் எடுக்கும் அக்காக்கள், வீட்டில் இருக்கும் அம்மாக்கள் எனப் பலர் பாடத்தைக் கதையாகப் பேசிப் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புகிறார்கள். மனதாரப் பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் அன்று ரேடியோவில் கேட்டவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை, வயலில் நட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகள் விஷயத்தில் அந்த இரண்டாவது பாதி விட்டுப்போகிறது. நான் பார்த்தவரை, ஒலிக்கதைகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன.

கதை முடிந்ததும் பாடமும் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரே பதிவை மூன்று முறை கேட்ட பிள்ளையிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்றுதான் பதில் வரும். அது பொய்யும் இல்லை. கேட்கக் கேட்க வரிகள் பழகிப்போகின்றன, பழகியதெல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே பதிவுக்குள்ளேயே பிள்ளைக்குப் பேச இடம் விடுங்கள். "இதயத்தோட இடது கீழறை, அதான் இடது வெண்ட்ரிக்கிள், சுருங்கியாச்சு. ரத்தம் இப்போ எந்தக் குழாய்க்குள்ள போகும்? நீ சொல்லு" என்று கேட்டுவிட்டுப் பத்து விநாடி சும்மா இருங்கள். பதிவு செய்கிறவருக்கு அந்தப் பத்து விநாடி ரொம்ப நீளமாகத் தெரியும். ஏதாவது சொல்லி நிரப்பிவிடத் தோன்றும். நிரப்பக் கூடாது. பிள்ளை வாய்விட்டுச் சொன்ன பிறகு "பெருந்தமனி" என்று விடையைச் சொல்லி, "நுரையீரல் தமனின்னு சொன்னவங்க கவனிங்க, அது வலது பக்கத்துலேருந்து கிளம்புறது" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு பதிவில் மூன்று நான்கு இடங்கள் இருந்தால் போதும். கேட்டு முடித்ததும் நினைவில் இருப்பதை ஐந்து வரி நோட்டில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிழை எங்கே என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

அடுத்தது, சுவையான சம்பவம் பாடத்தை விழுங்கிவிடுவது. வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பிய தொண்டர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நாம் பஸ்ஸில் போகும் ஊர்கள் வழியாகவே நடந்தார்கள். அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். இந்தக் காட்சியை ஒருமுறை கேட்ட பிள்ளை மறக்கவே மறக்காது. ஆனால் கேள்வித்தாளில் யாரும் பொட்டலத்தைப் பற்றிக் கேட்கப் போவதில்லை.

அதற்காக அதை வெட்டிவிட வேண்டாம், வெட்டினால் கதை செத்துப்போகும். அந்தப் பொட்டலத்திலேயே பாடத்தைக் கட்டிவிடுங்கள். ஏன் மறைத்து வைத்தார்கள்? உதவி செய்தால் தண்டனை. ஏன் தண்டனை? போகிறவர்கள் சட்டத்தை மீறப் போகிறார்கள். எந்தச் சட்டம்? சொந்தக் கடற்கரையில் உப்பு எடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம். காந்தி தண்டியில் அதை எப்போது மீறினார்? அதே ஏப்ரல் தொடக்கத்தில். ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு எடுத்தது? ஏப்ரல் 30. இப்படிக் கேள்வியாகக் கோத்துக்கொண்டு போனால், தேர்வு அறையில் பொட்டலம் நினைவுக்கு வரும்போதே காரணமும் தேதியும் கூடவே வரும்.

உவமை சொல்கிறவர்கள் இன்னொரு இடத்தில் சறுக்குகிறார்கள். ரத்தச் சுற்றோட்டப் பாடத்துக்கு நம் பக்கத்தில் கைவசம் இருக்கும் உவமை காவிரி. மேட்டூர் அணை இதயம், ஆறு பெருந்தமனி, கல்லணையில் பிரிவதெல்லாம் தமனிகள், வயலுக்குப் பாயும் கடைசி வாய்க்கால் தந்துகி. ஜூன் 12 அன்று அணை திறந்தார்களா என்று வீட்டில் பேசிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் உவமை எங்கே பொருந்தாது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். காவிரித் தண்ணீர் பூம்புகாரில் கடலில் கலந்துவிடும், மேட்டூருக்குத் திரும்பாது. ரத்தம் சிரைகள் வழியாக இதயத்துக்கே திரும்பி வந்து, நுரையீரலுக்குப் போய் ஆக்ஸிஜன் எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பும். சுற்றோட்டம் என்று பெயர் வந்ததே அதனால்தான். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை பாதிப் பயணத்தை எழுதிவிட்டுப் பாதி மதிப்பெண்ணோடு நின்றுவிடும்.

வரலாற்றுக் கதைகளில் கற்பனை வசனம் வைப்பது பலருக்குப் பழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ராஜராஜன் இப்படிச் சொன்னான் என்று நீங்கள் சுவைக்காகச் சேர்த்ததை, பிள்ளை மேற்கோள் குறி போட்டு விடைத்தாளில் எழுதும். அதற்கு எது பாடம், எது அலங்காரம் என்று தெரியாது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையும் அப்படித்தான் பரவுகிறது. நிழல் விழுகிறது, ஒரு மாலை அங்கே போய் நின்றால் யாரும் பார்க்கலாம். 1010-இல் முடிந்த கோயில் அது, இருநூறு அடிக்கு மேல் எழும்பி நிற்கும் கருங்கல் விமானம். இந்த உண்மையே ஒரு பிள்ளையை வாய்பிளக்க வைக்கும். பொய் எதற்கு?

காதுக்கு எழுத்துப்பிழை தெரியாது என்பதையும் மறந்துவிடுகிறோம். சிரை என்று கேட்ட பிள்ளை சிறை என்று எழுதும், கொள்ளிடம் கொல்லிடம் ஆகும். கலைச்சொல் வரும் இடத்தில் நிறுத்தி, "இடையின ரகரம்" என்று எழுத்தைச் சொல்லி, அந்தச் சொல்லை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கதையை ஊர்ப்பேச்சிலேயே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் ரத்தக்குழாய் என்று கடைசி வரை ஓட்டிவிட்டால், தேர்வில் தமனி என்ற சொல் அந்நியமாக நிற்கும்.

எல்லாப் பாடத்தையும் ஒலியாக்க வேண்டும் என்பதும் இல்லை. கணக்கின் படிகள், வேதிச் சமன்பாடு, வரைபடம், படம் வரைந்து பாகம் குறிப்பது இதெல்லாம் கண்ணும் கையும் செய்ய வேண்டிய வேலை. காரணம், வரிசை, நிகழ்வு இருக்கும் பாடங்களே கதைக்கு ஏற்றவை. பின்னணி இசை வேண்டாம், ஓடும் டவுன் பஸ்ஸில் அது குரலை அமுக்கிவிடும். ஒரு பதிவில் ஒரே கருத்து, ஏழெட்டு நிமிடம் போதும். இரட்டை வேகத்தில் ஓட்டிவிட்டு "கேட்டுட்டேன்" என்பதையும், தூங்கும்போது காதில் ஓடவிட்டால் பதியும் என்ற நம்பிக்கையையும் ஆரம்பத்திலேயே தடுத்துவிடுங்கள். தூக்கம் தூக்கமாகவே இருக்கட்டும்.

வீட்டு நிலவரம் பார்த்து அனுப்புவதும் முக்கியம். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் தை, மாசிதான் சம்பா அறுவடைக் காலமும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு களத்தில் இருக்கும். காலையில் அனுப்பி மாலைக்குள் பதில் கேட்டால் பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். இரவில் கேட்டு மறுநாள் எழுதிக் கொண்டுவரட்டும். முடிந்தால் பதிவுகளை மெமரி கார்டில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், நெட் இல்லாமலும் ஓடும், நடுவில் ரீல்ஸ் பக்கம் கை போகாது.

தேர்வுக்கு முந்தின வாரம் புதுக் கதை எதுவும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே சொன்ன கதைகளின் கேள்விகளை மட்டும் ஒரு பதிவாகப் பேசி அனுப்புங்கள். கேள்வி, பதினைந்து விநாடி அமைதி, அடுத்த கேள்வி. விடையே வேண்டாம். எந்தக் கேள்விக்கு வாய் வரவில்லையோ, அந்தப் பக்கத்தைப் புத்தகத்தில் திறந்து பார்த்துக்கொள்ளட்டும். பதிவின் கடைசியில் பக்க எண்களை மட்டும் வரிசையாகச் சொல்லிவிடுங்கள்.