மீனின் துடுப்பு அழுகுகிறதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூன், ஜூலை குளிர் வந்தால் போதும், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுத் தொட்டியில் ஏதாவது ஒரு மீனுக்குத் துடுப்பு அழுகல் வந்துவிடும். போன வருஷம் நீல ஃபைட்டர் மீனுக்கு. வாலின் ஓரம் பால்போல வெளுத்து, நைந்த துணியாய் நூல்நூலாகத் தொங்கியது. வேறு மீன் கடித்திருந்தால் கிழிசல் மட்டும்தான் இருக்கும், ஓரம் இப்படி வெளுக்காது. ஆயா மஞ்சள்தூள் போடச் சொன்னார். நல்லவேளை, போடவில்லை.

ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா செய்யும் வேலை இது. அவை எந்தத் தொட்டியிலும் இருப்பவைதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் ஏறி, குளிரும் சேர்ந்து மீன் சோர்ந்தால் தலைதூக்கும். அதனால் உடனே மருந்துக்கு ஓட வேண்டாம். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், குளோரின் நீக்கி, அதே சூட்டில். ஹீட்டர் 26 டிகிரி. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள் (நான் கழுவிக் கெட்டவன்). தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால், அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா பிழைக்கும்.

இதிலும் அடங்காவிட்டால், மீனைத் தனி வாளிக்கு மாற்றி, அங்கேயும் ஹீட்டர் வைத்து, லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். செடிகளுக்கும் கோரிடோராஸ் மீனுக்கும் உப்பு ஆகாது. அழுகல் துடுப்பின் அடிவரை போய்ச் சிவந்தால் பாக்டீரியா மருந்துதான் வழி. அப்போது ஃபில்டரில் உள்ள கரியை எடுத்துவிடுங்கள், மருந்தை உறிஞ்சிவிடும்.

புதுத் துடுப்பு முதலில் கண்ணாடிபோல நிறமில்லாமல் வளரும். அதை நோய் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். எங்கள் ஃபைட்டருக்கு மூன்று வாரத்தில் வால் வந்துவிட்டது, ஓரத்தில் நீலம் மட்டும் கொஞ்சம் குறைவு.